வெளிச்சம் வாடகைக்கு!

பல்பு ஃபியூஸ் போனால் யாருக்கு நஷ்டம்? வாங்கியவருக்கு. யாருக்கு லாபம்? விற்றவருக்கு! ரொம்ப சிம்பிளான கணக்கு. பல்பு வியாபாரம் பல காலமாக இந்தக் கணக்கில்தான் ஓடியது.

சும்மா கிண்டலுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1924-ல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உட்பட அன்றைய பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் சேர்ந்து ஃபீபஸ் என்று ஒரு கூட்டணி அமைத்தன. 1,500 மணி நேரம், 2,000 மணி நேரம் என்று எரிந்துகொண்டிருந்த பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் போட்டுக்கொண்ட விதிகளில் ஒன்று. அதைத் தாண்டி எரியும் பல்பைத் தயாரித்தால் அந்தக் கம்பெனிக்கு அபராதம்! (ஆயுளைக் குறைத்தால் அதே கரண்டில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. குண்டு பல்பில் அது உண்மையும்கூட. ஆனாலும் அடிக்கடி வாங்க வைத்தால் வியாபாரம் பெருகும் என்பதும் உண்மைதானே?)

சரி, இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால்?

அதைச் செய்தவர் தாமஸ் ராவ். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் கட்டடக் கலைஞர். தன் அலுவலகத்துக்கு விளக்கு போட வேண்டி வந்தபோது பிலிப்ஸ் கம்பெனியிடம் அவர் கேட்டது கொஞ்சம் வினோதமானது. விளக்கும் வேண்டாம், ஃபிட்டிங்கும் வேண்டாம்; வேலை செய்யத் தேவையான வெளிச்சம் மட்டும் வேண்டும், அதற்குத்தான் காசு. விளக்கு கம்பெனியின் சொத்தாகவே இருக்கட்டும் என்றார். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ் என்பதால் இந்த ஏற்பாட்டுக்கு 'பே பெர் லக்ஸ்' என்று பெயர் வந்தது. அதாவது, லக்ஸுக்கு இவ்வளவு!

2015-ல் இதே முறை ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்குப் போனது. பயணிகள் காத்திருக்கும் ஒரு பெரிய கூடத்தில் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. விளக்குகளின் சொந்தக்காரர் பிலிப்ஸ் (அந்த விளக்குப் பிரிவுக்கு 2018 முதல் சிக்னிஃபை என்று பெயர்). விமான நிலையம் வெளிச்சத்துக்கு மட்டும் பணம் கட்டும். மின்சாரச் செலவு பாதியாகக் குறையும் என்று அறிவித்தார்கள். இன்னொரு விஷயம்தான் முக்கியம். இந்த இடத்துக்கென்றே செய்த ஃபிட்டிங்குகள் வழக்கமானவற்றைவிட 75 சதவீதம் கூடுதலாக உழைக்கும் என்றார்கள். கெட்டுப்போகக்கூடிய பாகத்தை மட்டும் சுலபமாகக் கழற்றி மாற்றலாம். அதே கம்பெனிக்கு திடீரென்று ஏன் இந்த அக்கறை? விளக்கு கெட்டால் இப்போது செலவு அதன் தலையில்!

அமெரிக்காவில் 2013-லேயே வாஷிங்டன் மெட்ரோ இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்தது. 25 கார் நிறுத்தக் கட்டடங்களில் சுமார் 13,000 விளக்குகள், 10 வருட ஒப்பந்தம். மெட்ரோ முன்பணம் எதுவும் போடவில்லை. மின்சாரத்தில் மிச்சமாகும் பணத்திலிருந்தே கட்டணம்.

நம் நாட்டில் இந்த வழியில் பெரிய அளவில் நடந்தது தெருவிளக்குத் திட்டம். அரசுத் துறை மின் நிறுவனங்கள் சேர்ந்து 2009-ல் தொடங்கிய இ.இ.எஸ்.எல். நிறுவனம், 2015 முதல் உள்ளாட்சிகளுக்குத் தன் செலவில் எல்.இ.டி. தெருவிளக்குகள் போட்டுக் கொடுத்தது. நகராட்சி முதலில் ஒரு பைசா போட வேண்டாம். கரண்ட் பில்லில் மிச்சமாவதை வைத்துச் சில வருடங்களில் தவணையாகக் கட்டினால் போதும். இப்படி 1.3 கோடி விளக்குகளுக்கு மேல் மாறின. ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பல உள்ளாட்சிகள் தவணையை ஒழுங்காகக் கட்டவில்லை. நிறுவனத்துக்கு வர வேண்டிய பாக்கி மலைபோல் குவிந்தது. வெளிச்சம் எரிந்துவிட்டது, பணம் வரவில்லை! விற்றவர் சுமக்கும் ரிஸ்க் இதுதான். அந்த ரிஸ்க்குக்கும் சேர்த்துத்தான் எந்த கம்பெனியும் மாதக் கட்டணம் போடும்.

அப்படியானால் எல்லா வியாபாரிகளும் இந்தச் சந்தாவில் சேர்ந்துவிடலாமா? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 பழைய ட்யூப் லைட்டுகள். சோக்கையும் சேர்த்து ஒவ்வொன்றும் 50 வாட். தினம் 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் எரிந்தால் 30,000 யூனிட். 20 வாட் எல்.இ.டி.க்கு மாறினால் 12,000 யூனிட். மிச்சம் 18,000 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,62,000 ரூபாய். எல்.இ.டி. ட்யூப் ஒன்று 400 ரூபாய் என்றாலும் 200 ட்யூபுக்கு ஆவது 80,000 ரூபாய்தான். ஆறே மாதத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்! இந்தக் கடைக்காரர் 10 வருடச் சந்தாவில் கையெழுத்துப் போட்டால், கிடைக்க வேண்டிய லாபத்தைத் தானே தூக்கிக் கொடுக்கிறார் என்று அர்த்தம். ஸ்டூல் போட்டு ஏறினால் தானே மாற்றிவிடக்கூடிய விளக்குக்கு எதற்குச் சந்தா?

விமான நிலையம் அப்படி இல்லை. 24 மணி நேரமும் விளக்கு எரிய வேண்டும். கூரை உயரம். ஒரு விளக்கை மாற்றவே ஆட்களையும் ஏணி வண்டியையும் கொண்டுவந்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். அங்கே பல்பின் விலையைவிடப் பராமரிப்பின் விலை பெரிது. சந்தாவுக்கு அர்த்தம் இருப்பது அந்த மாதிரி இடங்களில்தான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. விளக்கு வாங்கினால் மூலதனச் செலவு. சந்தா கட்டினால் வருவாய்ச் செலவு, பேலன்ஸ் ஷீட்டில் கடன் ஏறாது என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வதுண்டு. 2019 ஏப்ரலில் அமலுக்கு வந்த இந்திய கணக்கியல் தரநிலை 116 அதை அவ்வளவு சுலபமாக விடாது. குறிப்பிட்ட விளக்குகள் உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டு, அவற்றின் பயனும் கட்டுப்பாடும் உங்கள் கையில் இருந்தால், ஒப்பந்தத்தின் தலைப்பில் 'சேவை' என்று எழுதியிருந்தாலும் அது லீஸ்தான். விலை குறைந்த பொருட்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், அந்தத் தரநிலை பொருந்தும் கம்பெனிகள் பொதுவாக அதைச் சொத்தாகவும் கடனாகவும் காட்ட வேண்டும். பெயரை மாற்றினால் கணக்கு மாறாது.

ஆக, யாராவது "முன்பணமே வேண்டாம் சார்" என்று ஒப்பந்தத்தை நீட்டினால் கேட்க வேண்டிய கேள்விகள் சில. மிச்சத்தை எந்த வருடத்து பில்லோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள்? அளப்பது யார்? கடையை நடுவில் காலி செய்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலே, கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது? பில்லும் விளக்குக் கம்பெனி தலையில் என்றால், ஆளில்லாத அறையில் விளக்கு எரிவது அவர்களுக்கு நஷ்டம். தானாக அணையும் வழியை அவர்களே தேடுவார்கள். பில் கடைக்காரர் தலையில் என்றால், விளக்கு கெடாமல் இருந்தால் போதும், எவ்வளவு எரிந்தால் அவர்களுக்கென்ன?

ஃபீபஸ் காலத்திலும் சரி, ஸ்கிபோலிலும் சரி, கம்பெனி நல்லதா கெட்டதா என்பதைவிட நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் விஷயத்தைத் தீர்மானித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். கையெழுத்து அப்புறம் போடலாம்!