கூடுகளின் கணக்கு

பித்தளையா, எவர்சில்வரா என்ற வழக்கு நம் சமையலறைகளில் என்றோ தீர்ந்துவிட்டது. துப்பாக்கித் தோட்டாக்களின் உலகில் பித்தளைக்கும் எஃகுக்குமான வழக்கு இன்னும் நடக்கிறது. இலக்கியம் பேசும் இடத்தில் தோட்டாவுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். உலோகங்களுக்கும் குணம் உண்டு என்று நம்புகிறவர்களுக்கு இதில் பேசக் கொஞ்சம் இருக்கிறது.

பொதுவாக நாம் 'குண்டு' என்று சொல்லிவிடுகிறோம். குண்டு பறந்து போய்விடுவது. மருந்தைத் தாங்கியிருந்து, சுட்டபின் அருகிலேயே தெறித்து விழுவது கூடு. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையே அதற்கு மரபான உலோகம். மருந்து எரியும் கணத்தில் கூடு விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அடுத்த கணம் சுருங்கி விலகுகிறது. எஃகு அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. சுவரைப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். துருப் பிடிக்கும் என்பதால் மேலே ஒரு பூச்சும் வேண்டும். ஏ.கே. ரகத் துப்பாக்கிகளில் எஃகுக் கூடும் தடையின்றி வெளிவர, கூட்டின் உடல் நுனி நோக்கி நன்றாகக் குறுகியிருப்பது ஒரு காரணம்.

பிறகு எஃகு எதற்கு? அது மலிவு, செம்பு எப்போதும் கிடைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனி எஃகுக்கு மாறியது. அமெரிக்காவின் எவான்ஸ்வில் நகரில் கிறைஸ்லர் கார் நிறுவனத்தின் ஆலை எஃகுக் கூடுகள் செய்தது. தகட்டை அச்சில் அழுத்தி வடிவெடுக்கும் தொழில், கார்த் தொழிற்சாலைகள் சூழ்ந்த தண்டலத்தில் வாழும் நமக்குப் புதிதன்று.

பித்தளைக் கூட்டுக்கு மறுபிறவி உண்டு. பல ரகங்களில் புது மருந்தும் குண்டும் நிரப்பி மீண்டும் சுடலாம். எஃகு பெரும்பாலும் ஒருமுறையோடு சரி. பித்தளை அண்டாவை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறைக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

நம் கல்லூரி என்.சி.சி. மாணவர்கள் பாயிண்ட் 22 துப்பாக்கியால் சுட்டுப் பழகி முடித்ததும், எல்லோரும் குனிந்து கூடுகளைப் பொறுக்குகிறோம். கொடுத்த தோட்டா எத்தனையோ அத்தனை கூடுகள் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தால் புல்லை விலக்கித் தேடுவோம். இது உலோகத்தின் விலைக்காக மட்டும் அன்று. கூட்டின் அடியில் ஊசி குத்திய தழும்பு இருக்கும். எந்தத் துப்பாக்கி சுட்டது என்பதற்கு அது சாட்சி.

2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். யார் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்ற கேள்விகள் விசாரணை ஆணையம் வரை சென்றன. உலோக வழக்கில் நமக்குப் பித்தளையின் பக்கமே சாய்வு. எதில் செய்தாலும், பதினெட்டு வயது மாணவனிடம் நாம் கேட்கும் கணக்கைத் துப்பாக்கி ஏந்தும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.