உடன்வாழ்தலும் உடன்படிக்கையும்



திருமணமின்றி இணைந்து வாழும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்படி கண்ணீரோடு கேட்கும் பெற்றோர் இன்று நம்மிடையே உண்டு. வயதுவந்த இருவர் அவ்வாறு வாழ்வது குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பளிக்கிறது. அந்தப் பாதுகாப்பு தேவையானதே. அதை நாம் குறைகூறலாகாது.

ஆயினும் சட்டம் பெரும்பாலும் காயம் உண்டான பின்பே துணைக்கு வருகிறது. திருமண உடன்படிக்கையோ, நோயும் வறுமையும் நேரிடுமுன்னரே, அவற்றிலும் பிரியேன் என்று சாட்சிகளுக்கு முன்பாகச் சொல்ல வைக்கிறது.

ரூத்தை நினைத்துப் பாருங்கள். அவள் நகோமிக்கு அளித்தது மணவாக்கன்று. மருமகள் தன் மாமியாருக்குக் கொடுத்த வாக்கு. திரும்பிப்போக வழி திறந்திருந்தும் அவள் போகவில்லை. அந்த மனம் இல்லையேல் தாலியும் வெறும் கயிறே. தாலி கட்டியபின் கைவிட்டவர்களும் நம் நடுவில் உண்டல்லவா?

ஆகையால் உங்கள் பிள்ளைகளிடம், ஊர் என்ன சொல்லும் என்று கேளாதிருங்கள். "அவள் படுக்கையில் விழுந்தால் நீ அவளுக்கு யார்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை வீட்டுக் கதவை அடைக்காதிருங்கள். அவர்கள் கண்டு விரும்பத்தக்கதாக உங்கள் மணவாழ்வு இருக்கட்டும்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.