குரலுக்கு வயது உண்டா?

பழைய பாட்டு ஒன்றை ஒலிபரப்பினால் எனக்கு இரண்டு விதமான அழைப்புகள் வரும். "இன்னும் இதையா போடுறீங்க?" என்பது ஒன்று. "இதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு!" என்பது இன்னொன்று. அப்போதெல்லாம் எனக்கு கிளிஃப் ரிச்சர்ட் ஞாபகம் வரும்.

ஆங்கிலப் பாப் பாடகரான இவர் பிறந்தது நம் இந்தியாவின் லக்னோவில், 1940இல். குடும்பம் 1948இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1958இல் 'மூவ் இட்' வெளிவந்தபோது அவருக்கு வயது 17. அங்கே பள்ளிப் பிள்ளைகளின் கனவு நாயகனாகி விட்டார்.

1961இல் ஷேடோஸ் குழுவுடன் சிங்கப்பூர் வந்து பாடினார். பார்த்த இளைஞர்கள் கிட்டாரைத் தூக்கினார்கள். பின்னர் பீட்டில்ஸ் மோகமும் சேர, 'பாப் யே யே' அலை மலாயா முழுக்க அடித்தது.

அந்த அலையில் ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர் நம் பினாங்கு மண்ணின் மைந்தர் பி. ரம்லி. 1964இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தவரின் பாட்டு 'பழசு' ஆகிப்போனது. 1973இல், 44 வயதில் காலமானார். டான் ஸ்ரீ பட்டம் வந்தது 1990இல்! இன்று பினாங்கில் அவர் பெயரில் சாலை உண்டு, அவர் பிறந்த வீடு நினைவில்லம். எல்லாம் அவர் பார்க்காத மரியாதை.

காலம் கிளிஃபையும் விடவில்லை. 1995இல் 'சர்' பட்டம் பெற்றவரின் புதுப்பாட்டை அங்குள்ள வானொலிகள் ஒதுக்கின. 1998இல் 'பிளாக்நைட்' என்ற புனைபெயரில் தன் பாட்டின் நடன வடிவத்தை அனுப்பினார். ஒலிபரப்பினார்கள். பாடியவர் யார் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். பாட்டு அதேதான், பெயர்தான் கிழடு!

மறு ஆண்டு அவர் பாடிய 'மில்லேனியம் பிரேயர்' பாட்டை, அவருடைய நெடுநாள் நிறுவனமான இ.எம்.ஐ. வெளியிட மறுத்தது. வேறு நிறுவனம் வெளியிட்டது. வானொலியின் தயவில்லாமலே மூன்று வாரம் முதலிடம். காசு கொடுத்து வாங்கியது ரசிகர்கள்தான்.

ஒலிவாங்கிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு இது உறைக்கிறது. எது பழசு என்று நாங்கள் முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் கேட்பது நீங்கள். மேடையேறி ஓய்ந்த நம் மலேசியத் தமிழ்ப் பாடகர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பாட்டை வேண்டும் என்று ஓர் அழைப்பு கொடுங்கள். மாலையும் சாலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காது இருக்கும்போதே கைதட்டல் கேட்கட்டும்.