கெட் என்ன நிறம்?

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ மந்திரவாதிக் கதையைக் கல்லூரி நாளில் இரண்டே இரவில் படித்தேன். ஆடு மேய்த்த சிறுவன் கெட், ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் சேர்கிறான். செருக்கில் ஒரு நிழலை அவிழ்த்துவிட்டு, பிறகு கடல் கடலாக அதைத் துரத்திப் போகிறான். புத்தகத்தை மூடியபோது என் மனத்தில் இருந்த கெட் வெள்ளைத்தோல் பையன். ஆனால் அவன் செம்பழுப்பு நிறத்தவன், உயிர்த்தோழன் வெட்ச் நல்ல கறுப்பு, கொள்ளையடிக்க வரும் கார்க் இனத்தார்தான் வெளுத்தவர்கள் என்று லெ குவின் தெளிவாகவே எழுதியிருக்கிறார். கறுத்த வீட்டில் பிறந்த நான் அந்த வரிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதற்குமுன் படித்த மாயக்கதைகளெல்லாம் என் கண்ணை அப்படிப் பழக்கியிருந்தன. பல பதிப்புகளின் அட்டைகளிலும் கெட் வெளுத்தே இருந்தான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் ஒரு வெள்ளை நடிகரையே கெட் ஆக்கினார்கள். லெ குவின் அதைக் கண்டித்து எழுதினார்.

சென்ற ஆண்டு அக்கா மகளுக்கு அந்த நூலைக் கொடுத்தபோது, நிறத்தைப் பற்றி முன்பே சொல்லிவைத்தேன். பாதியில் எழுந்து வந்தாள். "மாமா, இந்தப் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களே கிடையாதா?"

கிடையாது. ஊர்ப்புறத்து மந்திரக்காரிகளின் வித்தை பலமற்றது, பொல்லாதது என்பது அந்த உலகத்துப் பேச்சு. மூன்று முறை படித்தும் எனக்கு இது உறுத்தியதே இல்லை.

"அந்தக் காலத்துல எழுதினதுப்பா, இன்னிக்கு அளக்கலாமா?" என்றார் நண்பர். அளக்கலாம் என்றே நினைக்கிறேன். நிறத்தில் வழக்கத்தை உடைத்த அதே கைதான், அதே ஆண்டில், பெண் விஷயத்தில் பழைய தடத்தில் போயிருக்கிறது. காலத்தின்மேல் மட்டும் பழியைப் போட்டால் இது விளங்காது. லெ குவினும் அதோடு விட்டுவிடவில்லை. எர்த்ஸீ வரிசையின் மூன்றாம் நூல் வெளிவந்து 18 ஆண்டுகள் கழித்து, 1990இல் 'தெஹானு' எழுதினார். இரண்டாம் நூலில் பூசாரிச் சிறுமியாக இருந்த தெனார் இதில் நடுவயது விதவை. தீயில் வெந்த ஒரு குழந்தையை வளர்க்கிறாள். கெட் மந்திரமெல்லாம் இழந்து அவளிடம் வந்து சேர்கிறான். அதே தீவுகள்தான், ஆனால் ஒரு பெண்ணின் அடுப்படியிலிருந்து தெரிகின்றன. எர்த்ஸீயைக் கெடுத்துவிட்டார் என்று கோபப்பட்ட வாசகர்கள் உண்டு. இந்த நான்கு நூல்களில் நான் திரும்பத் திரும்ப எடுப்பது அதைத்தான்.

அந்தக் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைப் படிக்க அக்கா மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று 'தெஹானு'வை எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது இரண்டாம் நூலில், கல்லறைகளுக்கடியில், விளக்கில்லாத சுரங்கவழிகளில் தெனாரோடு நடந்துகொண்டிருக்கிறாள்.