மணிக்கணக்கு நோட்டு

திங்கள். காரைக்குடிப் பக்கம், ஒரு செட்டிநாட்டு வீடு.

இது நாட்குறிப்பு எழுத வாங்கிய நோட்டு இல்லை. எங்கள் சினிமா அவுட்டோர் யூனிட்டின் பல்புகள் எத்தனை மணி நேரம் எரிந்தன என்று குறித்து வைக்க வாங்கியது. வருஷம் போகப் போக, மணிக்கணக்குக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்திலெல்லாம் வேறு விஷயமும் ஏறிவிட்டது. இன்றைய கணக்கு: ஒன்றாம் நம்பர் 18கே, 351 மணி. இரண்டாம் நம்பர், 118.

18கே என்றால் 18,000 வாட்ஸ் எச்எம்ஐ. பல்புக்குள் இழை கிடையாது. இரண்டு முனைகளுக்கு நடுவில் பாதரச ஆவிக்குள் மின்சாரம் பாய்ந்து எரிகிறது. அதே வாட்ஸுக்கு டங்ஸ்டன் பல்பைப் போல மூன்று நான்கு மடங்கு வெளிச்சம், அதுவும் பகல் வெயில் நிறத்தில். இந்த சைஸ் பல்புக்குத் தயாரிப்பாளர் எழுதித் தரும் ஆயுள் 300 மணி. கால் பங்கு கூட, அதாவது 375 வரை ஓட்டலாம்; அதற்கு மேல் போனால் வெடிக்கக்கூடும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். முதலாளி போனில், “375 வரைக்கும் டைம் இருக்குல்ல, ஓட்டுங்க” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பல்பு ஒரு நல்ல பைக்கின் விலை. ஸ்பேர் ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து லாரியின் முன் சீட்டில், என் மடியில் உட்கார்ந்துதான் வந்தது. அதை அடுத்த படத்துக்கு வைத்திருக்கச் சொல்கிறார்.

சாயங்காலம் முழுக்க எர்த் வேலை. இந்தப் பக்கம் செம்புரான் கல் பூமி. கம்பி ஒரு முழம் இறங்கியதும் டங் என்று நின்றுவிட்டது. கிணற்றடியில் ஈர மண் பார்த்து வேறு இடத்தில் அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, டெஸ்டரில் முள் இறங்கிய பிறகுதான் ஜெனரேட்டர்காரரிடம் தலையாட்டினேன். புரொடக்‌ஷன் மேனேஜர் இரண்டு முறை வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். நாளை மறுநாள் மழை சீன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கப்போவது என் பையன்கள்.

புதிதாக வந்த பையனுக்கு நியூட்ரலைப் பற்றிச் சொன்னேன். முதலில் மாட்டுவது எர்த், அடுத்து நியூட்ரல், கடைசியில்தான் ஃபேஸ். கழற்றும்போது தலைகீழ். ஏன் என்று கேட்டான். கேட்கிற பையன் தேறுவான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு செட்டில் நியூட்ரல் லக் லூஸாகி விட்டது. லோடு குறைவாக இருந்த ஃபேஸில் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 பக்கம் ஏறி, வரிசையாக நின்ற 1கே பல்பெல்லாம் கல்யாண வீட்டு சரவெடி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அதைச் சொன்னேன். சிரித்தான். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

செவ்வாய், விடிகாலை.

முதல் ராத்திரி முடிந்தது. ஒன்றாம் நம்பர் 6 மணி நேரம். 357.

டீ பிரேக்கில் உதவி இயக்குநர் தம்பி “லைட் ஆஃப்” என்றார். நம் பையனும் உடனே அமுக்கிவிட்டான். இரண்டே நிமிஷத்தில், “இன்னொரு ஷாட் எடுத்துடலாம், லைட் ஆன்.” விளக்கு வரவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும். மறுபடி அமுக்கப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இந்தப் பல்பைப் பற்றி வெளியாட்களுக்குப் புரியாத விஷயம் இதுதான். அது எரிந்துகொண்டிருக்கும்போது சாது. வம்பெல்லாம் ஏற்றும்போதும் அணைத்த பிறகும்தான். ஆறிய பல்பை ஏற்றச் சில ஆயிரம் வோல்ட் பொறி போதும். சூடான பல்புக்குள் ஆவியின் அழுத்தம் குறையாமல் இருக்கும். அதைக் கிழித்துக்கொண்டு பொறி பாயப் பல பத்தாயிரம் வோல்ட் வேண்டும். அப்படி ஏற்றவும் செய்யலாம், அதற்கான இக்னைட்டர் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப அடித்தால் முனை தேயும், இக்னைட்டர் வேகும், ஈரக் காற்றில் ஹெட் கேபிளின் கனெக்டருக்குள் பொறி தாவும். எங்கள் வழக்கம், கால் மணி நேரத்துக்குள் திரும்பவும் வேண்டும் என்றால் அணைப்பதே இல்லை. டீசல் போனால் போகட்டும்.

பன்னிரண்டு நிமிஷம் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு யூனிட்டே உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நீளமான பன்னிரண்டு நிமிஷம் கிடையாது. பிறகு ஒரே அமுக்கில் வந்தது.

கேமராமேன் சார் மானிட்டரைப் பார்த்துவிட்டு, “அண்ணே, ரெண்டு 18கேவும் ஒரே கலர்ல இல்லையே” என்றார். கண் அப்படி. எச்எம்ஐ பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கெல்வின் இறங்கும் என்பது கணக்கு. இரண்டு பல்புக்கும் நடுவில் 230 மணிக்கு மேல் வித்தியாசம். “பழசு கொஞ்சம் மஞ்ச வாங்கும் சார்” என்றேன். புதிய விளக்கின் முன்னால் மெல்லிய கலர் பேப்பர் ஒன்றைக் கட்டிச் சமாளித்தோம்.

புதன் ராத்திரி, மழை சீன்.

ஒன்றாம் நம்பர் 5 மணி. 362.

மழைக்கு இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர். 18கே இரண்டும் பின்னாலிருந்து, அப்போதுதான் துளி தெரியும். அவற்றுக்குக் கூரை கட்டி, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாலஸ்ட் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டைமேல் வைத்து, கனெக்டர்களை எல்லாம் பிளாஸ்டிக் சுற்றி மேலே தொங்கவிட்டிருந்தோம். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது ஜன்னலுக்குள் நாங்கள் மறந்திருந்த 5கே டங்ஸ்டன். காற்று திரும்பி ஒரு வீச்சு தண்ணீர் உள்ளே வந்தது. கைப்பிடித் தண்ணீர்கூட இருக்காது. கண்ணாடி ‘பட்’டென்று குறுக்கே பிளந்தது.

ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820களில் கலங்கரை விளக்கத்துக்காகச் செய்த வளையம் வளையமான கண்ணாடிதான் இன்றைக்கும் எங்கள் விளக்குகளின் முகம். அவருடையது கடலையே பார்த்து நின்றது. எங்களுடையதற்கு அரை டம்ளர் தண்ணீர் தாங்கவில்லை. காரணம் அடுப்பு மாதிரிக் கிட்டத்தில் இருக்கும் சூடு. முன்னால் மாட்டியிருந்த கம்பி வலைதான் துண்டுகளைத் தாங்கிப் பிடித்தது. வலைக்குக் கீழே இரண்டடியில் கதாநாயகியின் அம்மாவாக நடிப்பவர் நின்றிருந்தார். அந்த வலை ஷாட்டில் நிழல் விழுகிறது, எடுத்துவிடலாமா என்று முந்தின நாள் ஒருவர் கேட்டார். யார் என்று எழுதவில்லை.

வியாழன். பகலில் ஷூட்டிங் இல்லை.

காலையில் துடைக்கிற வேலை. பையன் ஒரு செத்த 2கே பல்பைக் கொண்டுவந்தான். “அண்ணே, இது புதுசு, பத்து மணி நேரம்கூட ஓடல.” வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். குவார்ட்ஸ் குழலின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை. பதிவு அலுவலகத்தில் உருட்டி வைத்த மாதிரி, சுழி முதற்கொண்டு தெளிவாக. ரேகைக்கு நடுவில் கண்ணாடி கொப்புளம் போல வீங்கியிருந்தது. அவன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பையன் முகம் போன போக்கு.

திட்டவில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஹாலஜன் பல்பின் இழையிலிருந்து டங்ஸ்டன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஹாலஜன் வாயு அதைப் பிடித்து இழைக்கே திருப்பிக் கொண்டுவரும். அதற்குக் கண்ணாடிச் சுவர் 250 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடி வேண்டாமென்று குவார்ட்ஸில் செய்கிறார்கள். நம் விரலில் இருக்கும் வியர்வை உப்பு அந்தச் சூட்டில் குவார்ட்ஸோடு சேர்ந்து அதைப் பூக்க வைத்துவிடும். பூத்த இடம் பலவீனமான இடம். பல்போடு வரும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே மாட்டு. மாட்டிய பிறகு உறையை உருவு. தப்பித்தவறித் தொட்டால் ஸ்பிரிட் தொட்ட துணி. தொட்டது தெரியாமல் போனால் அது உனக்கு ரேகை எழுதிக் கொடுத்துவிடும்.

வோல்டேஜும் அப்படித்தான். ஐந்து சதவீதம் கூடினால் டங்ஸ்டன் பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதி. ஜெனரேட்டர்காரரோடு எனக்கு நடக்கும் சண்டையெல்லாம் அந்த ஐந்து சதவீதத்துக்காகத்தான். அவர் ‘லைட் நல்லா வரட்டுமே’ என்று ஏற்றிவிடுகிறவர்.

மத்தியானம் வாடகைக்கு வந்த 4கே எச்எம்ஐ ஒன்றைத் திறந்தோம். கதவுக்கு ஒரு மைக்ரோ ஸ்விட்ச் உண்டு. கண்ணாடிக் கதவு திறந்திருந்தால் விளக்கு ஏறக்கூடாது என்பதற்காக வைத்தது. அதை யாரோ ஒரு துண்டு வயரால் ஷார்ட் பண்ணி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். சுவிட்ச் கெட்டிருக்கும், ஷூட்டிங் நின்றிருக்கும், யாரோ கெட்டிக்காரன் சரி செய்திருப்பான். எனக்கு வயிறு கலங்கியது. அந்தப் பல்பு கக்கும் புற ஊதாக் கதிரை நிறுத்துவது அந்த முன் கண்ணாடி மட்டும்தான். கண்ணாடி இல்லாமல் எரிந்தால் தோலும் கண்ணும் வெந்துபோகும்.

எனக்குக் கண் வெந்தது 1986-ல், வடபழனியில் ஒரு ஃப்ளோரில். அப்போது ஆர்க் லைட் இன்னும் போகவில்லை. புரூட் என்று ஒன்று, முரடன் என்று பேர் வைத்தது சரிதான். 225 ஆம்பியர் டிசி இழுக்கும், கார்பன் குச்சி தேயத் தேய நகர்த்திக்கொண்டே ஒரு ஆள் கூட நிற்கவேண்டும். குச்சி மாற்றும் அவசரத்தில் கதவைச் சரியாக மூடவில்லை, நான் எட்டிப் பார்த்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணுக்குள் ஆற்று மணலைக் கொட்டித் தேய்த்தது மாதிரி இருந்தது. பக்கத்து ரூம் வெல்டர் உருளைக்கிழங்கு வில்லை வைத்துக் கட்டினார். குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். காலையில் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். 1920களில் ஹாலிவுட் நடிகர்களுக்கும் இதே வியாதி. அந்தக் காலத்து விளக்கின் பேரைச் சேர்த்து ‘கிளீக் கண்’ என்று அழைத்தார்கள். நட்சத்திரத்துக்கும் லைட்மேனுக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒன்றுதான்.

4கே-ஐ ஓரம் கட்டினேன். வயரைப் பிடுங்கவில்லை, அனுப்பியவர்கள் பார்க்கட்டும் என்று அப்படியே போட்டோ எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

வெள்ளி, விடிகாலை.

ஒன்றாம் நம்பர் 7 மணி. 369.

நேற்று ராத்திரி 18கே-ஐ கிரேன்மேல் ஏற்றி நிலா வெளிச்சம் கேட்டார்கள். ஒன்பது மணிக்குக் காற்று எழுந்தது. தென்னை மட்டை ஒரே பக்கமாகப் படுக்க ஆரம்பித்ததும், “இறக்கணும்” என்றேன். டைரக்டர் தம்பி நல்லவர், ஆனால் அவருக்கு அந்த ஷாட் முக்கியம். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் போனதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. கேமராமேன் சார்தான் மெதுவாக, “இறக்கிடலாம் சார், மாடியிலிருந்து அடிக்கலாம்” என்றார். அணைத்து, ஆறவிட்டு, இறக்கி, நாலு பேர் மாடிப்படியில் தூக்கி, ஒன்றரை மணி நேரம் போயிற்று. நிலா கொஞ்சம் தாழ்வாக வந்தது. படத்தில் யாருக்கும் தெரியாது.

பேக்கப் சொல்லி ஒரு மணி நேரம் கழித்து, ஹெட் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பல்பின் தோள்பட்டையில், மேல்பக்கம், மோர் தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு. நேற்று இல்லை. விரல் நகம் அளவு. பக்கவாட்டில் பார்த்தால் லேசாகப் புடைத்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

முதலாளிக்கு போன் போட்டேன். இன்னும் ஆறு மணி பாக்கி இருக்கிறதே என்றார். இந்த நோட்டில் இருக்கிறதுதான், ஆனால் பல்பில் இல்லை என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. “நீங்க பார்த்துச் செய்யுங்க” என்று வைத்துவிட்டார். முப்பது வருஷப் பழக்கத்தில் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்: கோபம், ஆனால் சம்மதம்.

சனி.

மாற்றியாகிவிட்டது. பருத்திக் கையுறை, அதன்மேல் தோல் கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. பழையதைப் பையனைக் கழற்றச் சொன்னேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு நீளம், உள்ளங்கையில் கனம். குழந்தையைக் கைமாற்றுவதுபோல வாங்கிப் பெட்டியில் வைத்தான். புதியதைப் போடும்போது கண்ணாடியின் மூக்கு, அதாவது வாயு அடைத்து மூடிய சின்ன முனை, வெளிச்சம் போகும் பாதையில் வராமல் ஓரமாகத் திரும்பியிருக்கிறதா என்று அவனே பார்த்தான். நான் சொல்லவில்லை.

பழையதை ஞாபகத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டான். ஷோகேஸில் வைப்பானாம். உள்ளே பாதரசம் இருக்கிறது தம்பி, பாப்பா எடுத்துப் போட்டு உடைத்தால் என்ன செய்வாய் என்றேன். பெட்டியின் மேல் ‘பாதரசம், உடைக்காதே’ என்று எழுதி டேப் ஒட்டினான். சென்னைக்குத் திரும்பும்போதும் முன் சீட்டில்தான், ஆனால் அவன் மடியில்.

ராத்திரி ஏற்றினோம். மூன்று நிமிஷத்தில் முழு வெளிச்சத்துக்கு வந்தது. கேமராமேன் சார் மானிட்டரில் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“அண்ணே, இப்ப இது ரொம்ப நீலமா இருக்கே.”

பையன் ஏற்கெனவே செவ்வாய்க்கிழமை இரண்டாம் நம்பரில் கட்டியிருந்த கலர் பேப்பரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அதை இதில் கட்டினோம். ஒன்றாம் நம்பர், 5 மணி.