எழுபத்தைந்தாம் இடம்

டென்னிஸ் பந்தாட்டத்தில் முதலிடம் பெற்றவரை உலகமே அறியும். எழுபத்தைந்தாம் இடத்தில் நின்றவரை யாரும் விசாரிப்பதில்லை. துனீஷிய நாட்டைச் சேர்ந்த ஸலீமா ஸஃபர் அத்தகைய ஒருவர். 1977இல் பிறந்த இவர், 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலக மகளிர் வரிசையில் 75ஆம் இடத்தை எட்டினார். முதல் நூறு பேருள் இடம்பெற்ற முதல் அரபுப் பெண்மணி இவரே. பின்னர் அதே நாட்டிலிருந்து வந்த உன்ஸ் ஜாபிர், 2022இல் இரண்டாம் இடத்தையே எட்டினார். பாதையை முதலில் திறந்தவர் ஸலீமா.

அவ்விளையாட்டின் உடையைப் பற்றி நம்மவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் இங்கே சொல்ல வந்தது அதுவன்று. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வாழ்வைப் பற்றியே சொல்ல விழைகிறேன்.

இவ்விளையாட்டில் மாதச் சம்பளம் கிடையாது. ஆடி வென்றால்தான் வருமானம். பயணச் செலவு, தங்கும் செலவு, பயிற்சியாளரின் ஊதியம் அனைத்தும் பெரும்பாலும் ஆடுபவரின் பொறுப்பு. கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளே தரவரிசையைத் தீர்மானிக்கின்றன. சென்ற ஆண்டு வென்ற புள்ளி இந்த ஆண்டு உதிர்ந்துவிடும். விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளில் 128 பேர் ஆடுவர். அவற்றுள் பெரும்பான்மை இடங்கள் ஏறத்தாழ முதல் நூறு பேருக்கே உரியன. ஏனையோர் மூன்று தகுதிச் சுற்றுகளில் வென்றாக வேண்டும். அவர்கள் ஊர் ஊராகச் சென்று சிறு போட்டிகளில் ஆடியே காலம் கழிப்பர். 2011இல் ஓய்வு பெறும் வரை ஸலீமா வாழ்ந்தது இவ்வுலகில்தான்.

அதற்கான விலையை அவர் மிக இளம் வயதிலேயே கொடுக்கத் தொடங்கினார். உயர் பயிற்சி நாடி, சிறுமியாக இருந்தபோதே பெற்றோரைப் பிரிந்து பிரான்ஸ் நாட்டுக்குச் சென்றார். அங்கே புகழ்பெற்ற பயிற்சியாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டார். நாற்பதைக் கடந்தபின், 2023ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சு விளையாட்டு நாளேட்டின் வாயிலாக, அந்தப் பயிற்சியாளரால் தாம் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதை உலகறியச் சொன்னார்.

அந்த மனிதரைப் பற்றி முதலில் வாய் திறந்தவர் அவரல்லர். இஸபெல் தெமோன்ஜோ என்னும் பிரெஞ்சு வீராங்கனை 2005இல் புகார் அளித்தார்; 2007இல் அதை நூலாகவும் எழுதினார். மேலும் பல பெண்கள் முன்வந்தனர். ஆயினும் காலவரம்பு கடந்துவிட்டதென்று பலரது வழக்குகளைச் சட்டம் ஏற்கவில்லை. இறுதியில், மாணவியர் இருவருக்கு இழைத்த குற்றத்துக்காக 2012இல் எட்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பத்தாண்டாக உயர்த்தியது.

தாய் தந்தையர் தொலைவில் இருக்கிறார்கள். உணவும் உறைவிடமும் எதிர்காலமும் ஒரே மனிதரின் கையில் இருக்கின்றன. ஊரே அவரைப் போற்றுகிறது. இந்நிலையில் ஒரு குழந்தை யாரிடம் சென்று முறையிடும்?

மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன் என்ற முறையில் இக்கேள்வி என்னைத் தைக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஹஜ்ரத்” என்பார்கள். நம்பிக்கையால் சொல்லும் சொல்தான். ஆனால், உனக்கு எது நேர்ந்தாலும் நாங்கள் கேட்கமாட்டோம் என்று அருகில் நிற்கும் பிள்ளையின் செவியில் அது விழுகிறது. பிள்ளை அமானிதம். ஒப்படைப்பதால் பெற்றோரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை; அதில் ஆசிரியருக்கும் பங்கு சேர்கிறது, அவ்வளவே. நாளை மறுமையில் இருவருமே விசாரிக்கப்படுவோம்.

ஆகவே கேளுங்கள். மத்ரஸாவோ, விடுதியோ, விளையாட்டுப் பயிற்சியோ, முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள். மூடிய அறையில் ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் தனித்திருக்கும் வழக்கத்தை ஏற்காதீர்கள். “போகமாட்டேன்” என்று பிள்ளை அழுதால், அதட்டும் முன் காரணத்தை விசாரியுங்கள். நேர்மையான ஆசிரியர் இக்கேள்விகளால் மனம் நோகமாட்டார்; அவருக்கு அவை பாதுகாப்பே.

பிறர் குறையை மறைப்பது நற்பண்பு என்று நாம் போதிக்கிறோம். ஒருவர் தம்மளவில் செய்த பிழைக்கு அது பொருந்தும். ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை ஜமாஅத்தின் பெயருக்காகவும் குடும்ப மானத்துக்காகவும் மறைப்பது அநீதிக்குத் துணை நிற்பதாகும். நம் நாட்டில் 2012இல் இயற்றப்பட்ட போக்ஸோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பதே தண்டனைக்குரியது. 1098 என்ற எண்ணில் எந்நேரமும் உதவி கோரலாம். பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொல்ல எந்தப் பெரியவருக்கும் உரிமையில்லை.

அத்தனை துயரையும் நெஞ்சில் சுமந்தபடியே ஸலீமா உலகின் 75ஆம் இடத்தை எட்டினார். நம் மடியில் அமானிதமாக வந்த பிள்ளைகள் எந்த இடத்தை எட்டினாலும், அச்சமின்றி எட்டட்டும். அதற்குரிய விழிப்பையும் நெஞ்சுரத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.