தென்கயிலையில் உழவாரப் பணி

கோவைக்கு மேற்கே 7 மலைகளாய் அடுக்கி நிற்கிறது வெள்ளியங்கிரி. அன்பர்கள் 'தென்கயிலை' எனப் போற்றும் இத்தலத்தில், ஏழாம் மலையில் சுயம்புலிங்கமாய் அருள்கிறார் ஈசன்.

அடிவாரமான பூண்டியில் ஆண்டவரை வணங்கி, மூங்கில் தடி ஊன்றிக் குழுக்குழுவாக ஏறுகின்றனர் பக்தர்கள். வெள்ளை விநாயகரைத் தரிசித்து, கைதட்டிச் சுனையில் தாகம் தீர்த்து, காற்றையும் குளிரையும் கடந்து சுமார் 6,000 அடி உயரத்தை அடைகின்றனர்.

இப்பாதை யானைகள் உலவும் அடர்காட்டின் ஊடே செல்கிறது. உணவின் உப்பும் மணமும் ஒட்டிய நெகிழிப் பை யானையை ஈர்க்கும்; விழுங்கினால் குடலை அடைக்கும். எஞ்சியதை மழை ஓடைக்கு இழுத்துச் செல்லும். இம்மலைத்தொடரில் பிறக்கும் நொய்யலே பேரூர்ப் பட்டீசுவரர் திருத்தலத்தை ஒட்டி ஓடி, திருப்பூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. ஆக, மலையில் எறிவது பேரூர்ப் படித்துறை வரை வரும்.

எனவேதான் வனத்துறையினர் அடிவாரத்திலேயே பைகளைச் சோதிக்கின்றனர். தண்ணீர்ப் புட்டிகளுக்கு வில்லை ஒட்டி முன்பணம் பெறுகின்றனர். புட்டியைத் திரும்பக் கொணர்ந்தால் பணமும் திரும்பக் கிடைக்கும். தன்னார்வலர்களோ சாக்குப் பைகளுடன் மலையேறி, பிறர் எறிந்த குப்பையைத் தம் தோளில் சுமந்து இறக்குகின்றனர். அப்பர் பெருமான் கோயில்தோறும் உழவாரம் ஏந்தினார். இங்கோ மலையே கோயில்.

அவர்களுடன் சேர இயலாதோர்க்கும் ஒரு தொண்டு உண்டு: கொண்டு சென்றதைத் தாமே கீழே கொண்டு வருதல். அச்சுமை குறைந்தாலே ஆண்டவர் மகிழ்வார்.

யாத்திரைக் காலம்: பிப்ரவரி முதல் மே வரை, வனத்துறை அனுமதியுடன். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளோர் அடிவாரத்திலேயே வழிபடுவது நலம்.